சூடு ஏறினால் சுற்றும் ஃபேன்

"'அந்தப் பெட்டி போடுற இரைச்சல்ல நான் செத்தாக்கூட உங்க காதுல விழாது.' இப்படித்தாம்மா சொன்னா. நான் ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல. இதுல என் தப்பு என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க!"

சிவசைலம் குருவிடமே சண்டைக்கு நின்றார். குரு அபிராமவல்லி அவரைவிட வயதில் இளையவர். சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. சீடர் வீட்டுக்கு அவர் வந்ததே, சீடரின் மனைவி உலகம்மாள் எங்கே என்று விசாரிக்கத்தான்.

உலகம்மாள் தங்கை வீட்டில் இருந்தாள், காலில் மாவுக்கட்டோடு. குளியலறையில் வழுக்கி விழுந்து, கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டு, கடைசியில் பக்கத்து வீட்டுக்காரிதான் கொல்லை வழியாக ஓடி வந்து தூக்கினாள். முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த புருஷனுக்கு, வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்ற பிறகுதான் சங்கதியே தெரியும். அப்படி என்ன தலைபோகிற வேலை? குருவின் உரைகளைத் தொகுத்துப் புத்தகமாக்கும் வேலை.

"எல்லாம் பெட்டிக்குள்ள சுத்துற இந்த ஃபேனால வந்தது. அதை ஓட்டுற மதர்போர்டு பழசு. போட்டா அணைக்கிற வரைக்கும் ஒரே வேகம். புதுசுல ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்துற வசதி போர்டுலயே இருக்கு. சூடு ஏறினாத்தான் வேகமாச் சுத்தும், இல்லேன்னா மூச்சு விடாது. ரெண்டு பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு பெட்டியில இருக்கிற எல்லா ஃபேனையும் அடக்கும். இன்னொண்ணு ஒரு ஃபேனை மட்டும். வீடு அமைதியாயிட்டா அவ வந்துருவா. எதை வாங்கட்டும்?"

"சூடு ஏறினது அதுக்கு எப்படித் தெரியும்?"

"சென்சார் இருக்கும்மா. அதுவே பாத்துக்கிட்டே இருக்கும்."

"யாரும் சொல்ல வேண்டாமா?"

"வேண்டாம்மா."

குரு பெட்டியைப் பார்த்தார்.

"பழசையே போடுங்க. விட்ட இடத்துலேருந்து வேலையைப் பாருங்க. நான் கைகால் கழுவிட்டு வாரேன்."

பெட்டி மாவு மில் மாதிரி இரைந்தது. சிவசைலம் திரைக்குள் தலையை விட்டார். குருவின் சொற்கள் வரிவரியாக ஓடின.

"சிவசைலம்."

நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். "என்னம்மா, வழுக்கிட்டா?"

குரு குளியலறைக் கதவருகில் நின்றிருந்தார். கால் நனையவில்லை.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சே!"

"நான் மெதுவாத்தான் கூப்பிட்டேன்."

முன்னறையில் ஃபேன் இரைந்துகொண்டுதான் இருந்தது. சிவசைலம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். வாயைத் திறந்தபோது பழைய கேள்விதான் வந்தது.

"அப்போ... எந்த போர்டு வாங்கட்டும்?"

"எதை வேணா வாங்குங்க." குரு செருப்பை மாட்டினார். "என் பேச்சை இனிமே எழுத வேண்டாம்."

அவர் போன பிறகு சிவசைலம் பெட்டியை அணைத்தார். வீடு முழுக்க ஒரு சத்தமும் இல்லை. போன் போட்டார். தங்கைக்காரி எடுத்தாள், 'ஹலோ'கூடச் சொல்லாமல் அக்காவிடம் நீட்டிவிட்டாள் போலிருக்கிறது. மூச்சு மட்டும் கேட்டது.

"உலகு, நான்தான்."

அவள் போனை வைக்கவில்லை.

"உலகு... 'ஏங்க'ன்னு ஒரே ஒரு தடவை கூப்பிடேன்."

காதோடு போனை அழுத்திக்கொண்டு அவர் காத்திருந்தார்.