செங்கொடுக்கனின் புது ஓடு

அலையாத்திக் காட்டுக் கழியில் தண்ணீர் வடிந்ததும் நண்டுகளின் குத்துச்சண்டை தொடங்கிவிடும். சேற்றில் ஒரு வட்டம். நடுவில் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு இரண்டு நண்டுகள். சேற்றில் துள்ளித் திரியும் உளுவை மீன்தான் நடுவர். கூட்டம் போடும் கூச்சலில் மரத்து இலையெல்லாம் ஆடும்.

அங்கே செங்கொடுக்கன்தான் சாம்பியன். அவனுடைய வலது கொடுக்கு அவன் உடம்பைவிடப் பெரியது. "இந்தக் கையை எதிர்த்து நிக்கிறவன் இன்னும் முட்டையிலேருந்து வெளியே வரலை!" என்று சொல்லிக்கொண்டே வளைக்குப் போவான். சொல்லிக்கொண்டே தூங்குவான்.

ஒருநாள் சண்டையில் பாசிமுத்து என்ற கிழட்டு நண்டுக்கு ஓட்டில் பலமான அடி விழுந்தது. அன்றிலிருந்து அவன் மரத்து வேரைப் பார்த்து, "வாங்க மாப்பிள்ளை, எப்ப வந்தீங்க?" என்று கேட்க ஆரம்பித்தான். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். தன் வளை எது என்று தெரியாமல், ஏறுகிற தண்ணீரில் நின்று அவன் அழுதபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

கழியின் தலைவர் ஆமையார் கூட்டம் போட்டார். "மூணு மழைக்காலம் பார்த்த நண்டு இனிமேல் சண்டை போடக்கூடாது. கட்டாய ஓய்வு!"

செங்கொடுக்கனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் நான்கு மழை பார்த்தவன்.

"ஐயா, நேத்து ஜெயிச்ச கை இன்னிக்கு எப்படிக் கிழடாகும்?"

"சட்டம்னா சட்டம்தான்!"

"உங்களுக்கு எத்தனை மழை ஆச்சு?"

"அது கிடக்கு எண்பதுக்கு மேல! நான் என்ன குத்துச்சண்டையா போடறேன்? தலையை வெளியே நீட்டறேன், உள்ளே இழுக்கறேன். அவ்வளவுதானே!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. துடியன் என்ற இளம் நண்டு பக்கவாட்டில் ஓடி ஓடி ஆடினான். "அடுத்த சாம்பியன் நான்தான்! நாளைக்கே போட்டி!"

செங்கொடுக்கன் வளைக்கு வந்து சுவரைக் குத்தினான். பாதிச் சுவர் அவன் தலையிலேயே விழுந்தது.

அவன் மனைவி சிப்பிக்கொடி சொன்னாள்: "ஏங்க, ஓடு கழற்ற நேரம் வந்தாச்சு. அதான் உடம்பெல்லாம் அரிக்குது, கோவமும் வருது."

செங்கொடுக்கனின் கண்கள் காம்போடு நிமிர்ந்தன. தழும்பும் பாசியும் அப்பிய இந்தப் பழைய ஓட்டைப் பார்த்துத்தானே கிழவன் என்கிறார்கள்? கழற்றிப் போட்டுவிட்டால்?

முக்கினான், முனகினான், பின்பக்கமாக வெளியே வந்தான். அடடா! ரோஜா நிறத்தில் பளபளவென்று புது மாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

"அழகாத்தான் இருக்கீங்க. ஆனா தொட்டா வெண்ணெய் மாதிரி அமுங்குதே! ஓடு இறுகட்டுங்க" என்றாள் சிப்பிக்கொடி.

"இறுகற வரைக்கும் போட்டி காத்திருக்குமா?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

வட்டத்தருகே உளுவை நிறுத்தியது. "யாரப்பா நீ? புதுசா இருக்கே!"

செங்கொடுக்கன் குரலை மெலிதாக்கிக்கொண்டான். "கழிக்கு அந்தப் பக்கம். பேரு இளவட்டம்."

"வயசு?"

"போன மழைக்குத்தான் பொறந்தேன் மாமா!"

"உள்ளே போ ராசா!"

ஆமையார் முன்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டினார். உளுவை துள்ளியது. சண்டை ஆரம்பம்!

செங்கொடுக்கன் முழுப் பலத்தோடு ஒரு குத்து விட்டான். பொத்! கொடுக்கு ஈரத்துணி மாதிரி மடங்கியது. துடியன் கூச்சம் தாங்காமல், "கிச்சுகிச்சு மூட்டாதேடா!" என்று நெளிந்தான். பிறகு அவன் கொடுக்கை ஓங்கினான். செங்கொடுக்கன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். இந்த அடியோடு நானும் வேரைப் பார்த்து மாப்பிள்ளை என்பேனா?

பொத்!

வலிக்கவே இல்லை. பஞ்சால் அடித்தது போல இருந்தது. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"டேய், நீயும் ஓடு கழற்றிட்டியா?" என்று செங்கொடுக்கன் காதோரம் கேட்டான்.

"ஆமாம். காலையிலதான். வரலைன்னா பயந்தாங்கொள்ளின்னு சொல்லுவாங்களே! நீ யாரு?"

"நான்தான்டா செங்கொடுக்கன்."

"பெரியப்பாவா!" என்று அலறினான் துடியன். "மெதுவா அடிங்க பெரியப்பா! உள்ளெல்லாம் ஆடுது!"

"நீயும் மெதுவாடா!"

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னடா இது, சண்டையா, கல்யாண டான்ஸா?" என்று கத்தியது.

மரத்தின் மேலிருந்த நாரைக்கு மட்டும் நன்றாகப் புரிந்தது. ஓடு இல்லாத நண்டு! அதுவும் இரண்டு! சிறகை மடக்கிக்கொண்டு இறங்கியது.

"நாரை! நாரை!" கூட்டம் கண்ணிமைப்பதற்குள் வளைகளில் மறைந்தது. இந்த இரண்டு பேருக்கும் கால் ஓடவில்லை. குழைந்த கால்கள் சேற்றில் மடங்கின. செங்கொடுக்கன் துடியனை ஒரு பள்ளத்தில் தள்ளி, அவன் மேல் தானும் விழுந்தான்.

ஆமையார் எழுந்து ஓடப் பார்த்தார். சேறு வழுக்கியது. சர்ரென்று சறுக்கி வந்து, பானைக்கு மூடி போட்ட மாதிரி அந்தப் பள்ளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

டொங்!

"ஐயோ, என் மூக்கு!" என்று கத்திக்கொண்டே நாரை பறந்துவிட்டது.

கீழேயிருந்து இரண்டு குரல்கள் ஒன்றாகக் கேட்டன. "ஐயா, கொஞ்சம் எழுந்திருங்க!"

"முதல்ல உண்மையைச் சொல்லுங்க, அப்புறம் எழுந்திருக்கேன்!"

சொன்னார்கள். ஆமையார் வெகுநேரம் தலையை உள்ளே இழுத்து வைத்திருந்தார். பிறகு வெளியே நீட்டிச் சொன்னார்: "தப்பு என்னோடதுதான். வயசைக் கேட்டேன். ஓட்டைத் தட்டிப் பார்க்கலை."

மறுநாளே சட்டம் மாறியது. ஒவ்வொரு சண்டைக்கு முன்னாலும் உளுவை வாலால் ஓட்டைத் தட்டும். 'டக்' என்றால் சண்டை. 'பொத்' என்றால் வீடு. ஓட்டில் கீறல் விழுந்த ஓசை கேட்டால், இளசோ கிழடோ, அன்றோடு சண்டைக்கு முழுக்கு.

ஓடு இறுகியதும் செங்கொடுக்கன் வந்தான். டக்! துடியனும் வந்தான். டக்! அன்றைய சண்டையில் செங்கொடுக்கன் மயிரிழையில் ஜெயித்து, மூன்று நாள் வளையை விட்டு எழவில்லை.

அடுத்த மழை வந்தது. உளுவை அவன் ஓட்டைத் தட்டியது. ஓசை உடைந்து கேட்டது. உளுவை தயங்கியது. "அண்ணே..."

"எனக்கும் கேட்டுச்சுப்பா" என்றான் செங்கொடுக்கன். பிறகு துடியனின் கொடுக்கைப் பிடித்து உயரத் தூக்கிக் காட்டிவிட்டு, சிப்பிக்கொடி பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அன்று கூட்டத்திலேயே பெரிய கூச்சல் அவனுடையதுதான். "இடது பக்கம் விடுடா துடியா! இடது பக்கம்!"

களத்தை விட்டு இறங்கும் நேரத்தை ஆண்டுக் கணக்கு சொல்லாது. அவரவர் உடம்புதான் சொல்லும், அதைக் காது கொடுத்துக் கேட்பவனே கெட்டிக்காரன்.