பாதி விறகு

கொல்லிமலை அடிவாரத்தில் பாவாயி குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளிக்கிழங்கில் மாவு தயாரித்து வந்தாள். கிழங்கைத் தோல் சீவி, துருவி, சாக்கில் கட்டி, மேலே கல்லேற்றிப் பிழிந்து, பிறகு டிரையரில் உலர்த்துவாள். டிரையர் என்றால் பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை. கீழே விறகு எரியும் செங்கல் அடுப்பு. மேலே தட்டுகள் அடுக்கிய ஆளுயரத் தகரப் பெட்டி. ஓரத்தில் ஒரு புகைபோக்கி. நாளொன்றுக்கு அது பத்துக் கட்டு விறகு தின்றது.

அந்த விறகுக்காகத்தான் அவள் கணவர் செங்கோடன் மலைமேல் இருந்தார். மிளகுத் தோட்டங்களில் மரங்களைக் கவாத்து செய்வார். கழித்த கிளைகளே அவருக்குக் கூலி. அவற்றைக் கட்டாகக் கட்டி வேனில் கீழே அனுப்புவார். திங்கள் காலை ஏறினால் சனி மாலைதான் இறங்குவார். அங்கே போன் எடுக்காது. ஏழு வருடமாக இப்படித்தான்.

டிரையர் அடுப்பு கட்டுவதில் அந்தப் பக்கத்தில் மரகதத்தை மிஞ்ச ஆளில்லை. அவளுக்கு முப்பது வயது. பாவாயிக்கு ஐம்பது. பாவாயி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய் அவள் முன்னால் நின்றாள்.

"எனக்கு அடுப்பு வேலை சொல்லிக் குடுக்கணும்."

"எதுக்கு அக்கா? சொன்னா நானே வந்து கட்டிக் குடுத்துட்டுப் போறேன்."

"கட்டிக் குடுத்துட்டு நீங்க போயிருவீங்க. தெனமும் எரிக்கறவ நான். பாதி வெறகுல ஓட்டப் பழகணும்."

"பாதியா?"

"அஞ்சு கட்டு போதும்னு ஆயிட்டா, அவரு மூணு நாள் மேல இருந்தாப் போதுமுங்க. மிச்ச நாள் ஊட்டுல இருப்பாரு."

மரகதம் பழத்தை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அவள் வந்தபோது, துருவல் இயந்திரம் ஓட்டும் செல்லாயி இயந்திரத்தை நிறுத்திவிட்டே சிரித்தாள்.

"அக்கா, இது உன்ற புள்ள வயசு. இதையா வாத்தியாரம்மான்னு கூப்பிடுவே?"

"உனக்கென்ன? உன்ற ஊட்டுக்காரரு தெனமும் பக்கத்துல குறட்டை விடறாரு."

"வேணும்னா அந்தக் குறட்டையை நீ எடுத்துக்க."

பாவாயி காதில் வாங்காதவள் போல மரகதத்திடம் திரும்பினாள்.

"வாத்தியாரம்மா, அடுப்பைப் பிரிச்சுக் கட்டணுமுங்களா?"

மரகதம் அடுப்புப் பக்கமே போகவில்லை. தட்டில் பரப்பத் தயாராக இருந்த சாக்கை அவிழ்த்து, ஒரு கை துருவலை அள்ளி இறுகப் பிடித்தாள். தண்ணீர் மணிக்கட்டில் வழிந்து முழங்கை வரை இறங்கிச் சொட்டியது.

"இதுக்கு எதுக்கு வெறகு?"

பாவாயி சொட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் எழுந்ததும் அடுப்பைப் பற்ற வைத்துவிடுவது அவள் வழக்கம். எரிகிற அடுப்பைக் காக்க வைக்கக்கூடாதென்று, சாக்கின் மேலிருக்கும் கல்லை ஒரு மணி நேரத்தில் இறக்கிவிடுவாள்.

அன்றிலிருந்து கல்லுக்குப் பதிலாகப் பழைய லாரி ஜாக்கியை வைத்துப் பிழிந்தார்கள். கையால் பிடித்தால் துளி நீர் வராது என்று ஆன பிறகே அடுப்பு பற்றியது.

இன்னொரு நாள் மரகதம் ஓரமாக உட்கார்ந்து சுவரில் கரிக்கோடு போட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்குள் பதினேழு கோடு.

"என்னதுங்க வாத்தியாரம்மா?"

"மாவு காஞ்சிருச்சான்னு நீங்க பொட்டிக் கதவைத் தொறந்து பார்த்தது."

"பாக்காம எப்படித் தெரியும்?"

"பார்க்கப் பார்க்க சீக்கிரம் காயுதா?"

செல்லாயி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பாவாயியும் சிரித்துவிட்டாள். அன்று மாலை கதவிடுக்குகளை உமி கலந்த களிமண்ணால் பூசினார்கள். கைப்பிடியைக் கயிறு போட்டுக் கட்டினார்கள்.

பத்துக் கட்டு ஏழு கட்டானது.

"இன்னும் ரெண்டுதான்" என்றாள் பாவாயி. அதைச் சொல்லும்போது அவள் கண் மலைப் பக்கம் போய் வந்தது.

மரகதத்துக்கு வேறோர் ஊரில் வேலை இருந்தது. இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். அப்போதும் ஏழு கட்டுதான்.

"ஏழுக்குக் கீழ எறங்க மாட்டேங்குதுங்க" என்றாள் பாவாயி, முகத்தைப் பாராமல்.

மரகதம் காலை முதல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அடுப்பு நன்றாக எரிந்தது. காய்ந்த விறகு, தெளிந்த தீ. சரியாக மத்தியானம் பாவாயி எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போனாள். இலைகூட உதிராத பச்சைக் கிளைகள் நாலைக் கொண்டுவந்து தீயின் மேல் போட்டாள். புகைபோக்கியிலிருந்து வெள்ளைப் புகை கட்டியாக எழுந்தது. தீ சுருண்டு படுத்தது. பெட்டியின் சூடு இறங்கியது. இறங்கிய சூட்டை ஏற்ற ஒரு கட்டுக் காய்ந்த விறகு தேவைப்பட்டது.

நாலு மணிக்கு மறுபடியும் அதேபோல.

வேலை முடிந்து கை கழுவும்போது மரகதம் கேட்டாள்.

"பச்சை வெறகு யாருக்கு அக்கா?"

பாவாயி வெகுநேரம் கையைக் கழுவினாள்.

"மேல ஒரு பாறை இருக்குதுங்க. மத்தியானம் அங்க உக்காந்துதான் கஞ்சி குடிப்பாரு. நாலு மணிக்கு வெத்தலை போடுவாரு. அங்கிருந்து பார்த்தா நம்ம கொட்டகை தெரியும்னு எப்பவோ ஒருக்காச் சொன்னாரு."

"அதுக்கு?"

"ரெண்டு நேரமும் புகை போச்சுன்னா, கீழ ஒருத்தி இருக்கறான்னு..."

"அவருகிட்டச் சொல்லியிருக்கீங்களா?"

"அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுவாங்களா?"

செல்லாயி பக்கத்தில்தான் இருந்தாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

"அது ரெண்டு கட்டு அக்கா" என்றாள் மரகதம்.

"தெரியுமுங்க."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான். அந்த நேரம் வந்தா கை நிக்க மாட்டேங்குது."

அன்று சனிக்கிழமை. மரகதம் கிளம்பாமல் இருந்தாள். இருட்டுவதற்கு முன்பே செங்கோடன் வந்து சேர்ந்தார். கையெல்லாம் சிராய்ப்பு. செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

"வாங்க அம்மிணி. அடுப்பு சொன்ன பேச்சுக் கேக்குதுங்களா?"

"ஏதோ கேக்குதுங்க. மேல இருந்து பார்த்தா இந்தக் கொட்டகைப் புகை தெரியுமுங்களா?"

"தெரியாம என்ன? கஞ்சிச் சட்டியைத் தொறக்கறதுக்கு முந்தியே கண்ணு இங்கதானே வருது."

உள்ளே பாவாயியின் பாத்திரச் சத்தம் நின்றது.

"பார்த்தா என்ன தோணுமுங்க?"

செங்கோடன் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"வெறகு சரியில்லை, பாவம், அடுப்போட மல்லுக்கட்டறா போலிருக்குதுன்னு தோணும். அப்புறம் எங்க உக்கார்றது? அருவாளை எடுத்துருவேன். அடுப்பைச் சரி பண்றோம்னு இவ சொன்னதுல இருந்து, வெள்ளிக்கிழமையே எறங்கிரலாம்னு பாக்கறேன். ரெண்டு வாரமும் மூட்டைகூடக் கட்டிட்டேன். புகையைப் பார்த்ததும் எறங்க மனசு வரலை. இன்னொரு கட்டு வெட்டிட்டே போலாம்னு நின்னுட்டேன்."

செங்கோடன் கால் கழுவப் போனார்.

ஞாயிறு முழுக்க அவர் கொட்டகைக் கூரைக்குத் தகரம் அடித்தார். பாவாயி கோழிக் குழம்பு வைத்தாள். ஆணி எடுத்துக் கொடுத்தாள். ஏணியைப் பிடித்துக்கொண்டாள். புகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திங்கள் காலை அவர் மலையேறினார்.

அன்று மரகதம் வரும்போதே அடுப்பு சீராக எரிந்துகொண்டிருந்தது. வெயில் உச்சிக்கு வந்தது. புகைபோக்கிக்கு மேலே ஒன்றுமில்லை. வெறும் அனல், அதற்கு அப்பால் மலை லேசாக நடுங்கித் தெரிந்தது.

பாவாயி எழுந்து போய் ஒரு பச்சைக் கிளையோடு வந்தாள். அடுப்பின் வாய்க்கு முன்னால் அதைப் பிடித்தபடி நின்றாள். போடவில்லை. கீழேயும் வைக்கவில்லை.

"வாத்தியாரம்மா, இந்நேரம் பாறையில வந்து உக்காந்திருப்பாரு."

"ஆமா."

"புகையைக் காணோம்னு பாப்பாரு."

"பாப்பாரு."

"எனக்கு என்னமோ ஏதோன்னு பதறிப் போயிருவாரே. ஏன் புகையில்லைன்னு கேக்கக்கூட அங்க ஒரு ஆளில்லையே."

மரகதம் அடுப்பின் வாயைத் தகரத்தால் மூடினாள்.

"வந்து கேக்கட்டும் அக்கா."