கொடிமரம் சாய்ந்த செய்தி

செம்பனூர் ராஜாவுக்குக் கழுத்து சுளுக்கி, தலை இடப்பக்கம் சாய்ந்தே நின்றுவிட்டது. சாப்பாட்டின் நடுவே ஜன்னல் வழியே கோட்டைக் கொடிமரத்தைப் பார்த்தவர், தமுக்கு அடித்து ஊருக்குச் செய்தி சொல்லும் வேம்புலியைக் கூப்பிட்டார்.

"கொடிமரம் சாய்ந்துவிட்டதென்று ஊரெல்லாம் சொல். மறுத்தால் உன் தலை உன்னிடம் இருக்காது!"

"சொல்றேன் மகாராஜா. அதுக்கு முன்னாடி இந்த ரசக் கிண்ணத்தைக் கொஞ்சம் சாயாம பிடிங்க."

ராஜா தம் சாய்ந்த கண்ணுக்கு நேராகத் தெரியும்படி பிடித்தார். கொதிக்கிற ரசம் மடியில் கொட்டியது. "ஐயோ!" என்று துள்ளிய துள்ளலில் சுளுக்கு விட்டது. கொடிமரமும் நிமிர்ந்துகொண்டது.

வேம்புலி மீசையை முறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"அடியே காத்தாயி, நம்ம வாசக்கால் ஒரு பக்கமா சாஞ்சிருக்கே!"

"முதல்ல ஒரு தோள்ல கனமா தொங்குற தமுக்கைக் கழட்டி வச்சிட்டுப் பாருய்யா" என்றாள் அவன் மனைவி.