மாடிப்படிக்குக் கீழே

அம்பலவாணர் அரிசி மண்டி வைத்திருப்பவர். வியாழக்கிழமை தவறாமல் தருமசாலைக்கு வந்து பந்தியில் பரிமாறுவார். அன்றைக்கும் வந்தார். ஆனால் வாளியைத் தொடவில்லை. சமையல்கட்டு வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தருமசாலையை நடத்தும் ஞானாம்பிகை அம்மாள் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். வயதில் அம்பலவாணரைவிடச் சின்னவர். ஆனாலும் அம்மாளைத்தான் அவர் குருவாக வரித்திருந்தார்.

"பொண்ணு விஷயம்மா" என்றார் அம்பலவாணர்.

"நம்ம தையலா? அவளுக்கு என்ன?"

"உடம்பு ஏறிக்கிட்டே போகுது. இப்படியே போனா இந்த வயசுலயே சர்க்கரை வந்துடும்னு டாக்டர் சொல்லிட்டார். பதினோரு வயசும்மா. எனக்குத் தூக்கமே போச்சு."

"என்ன சாப்பிடுறா?"

"எங்க எதிர்ல ஒண்ணுமே இல்ல. ரெண்டு இட்லியைப் பிட்டுப் பிட்டு வச்சுக்கிட்டு, பசியில்லப்பாங்குறா. அப்புறம் மாடிப்படிக்குக் கீழ போய்ப் பார்த்தா, சாக்குக்குப் பின்னால சிப்ஸ் கவரும் கிரீம் பன் காகிதமுமா கிடக்குது. அந்த இருட்டுல உட்கார்ந்து தின்னிருக்கா."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"ஃபிரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டேன். கைச்செலவுக்குக் குடுக்கறதை நிறுத்தினேன். சாப்பிடும்போது எதிர்லயே உட்கார்ந்து வாய்க்குப் போறதைப் பார்த்துக்கிட்டே இருக்கேன். போதும், வைன்னு சொல்றேன்."

"வேற?"

அம்பலவாணர் தரையைப் பார்த்தார்.

"அவளை மண்டித் தராசுல ஏத்தி நிறுத்தினேம்மா. லோடு இறக்குறவங்க நின்னாங்க. ஒருத்தன் சிரிச்சுட்டான். ரோஷம் வரட்டும்னுதான் செஞ்சேன்."

"வந்துச்சா?"

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"நேத்து சொல்றாம்மா. என்னை யாருமே பார்க்காத ஒரு எடத்துல கொண்டு போய் விட்டுடுங்கப்பான்னு. பெத்தவன் கேக்குற பேச்சா இது? இனிமே என்ன செய்றதுன்னு எனக்குப் புரியல. நீங்க கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா."

அவர் கெட்ட மனிதர் இல்லை. மகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். வினையே அங்கேதான் இருந்தது.

அம்மாள் அரிவாள்மணையை மடக்கி வைத்தார்.

"இன்னைக்கு நீங்க பரிமாற வேண்டாம். பந்தியில உட்காருங்க."

அந்தப் பந்திக்கு ஒரு வழக்கம் உண்டு. பரிமாறுகிறவர் கண் இலையில்தான் இருக்கவேண்டும். சாப்பிடுகிறவர் முகத்துக்குப் போகக் கூடாது. பசி என்று வந்தவர் யார், எத்தனை தரம் வாங்கினார் என்பதெல்லாம் யாருக்கும் தெரியவேண்டாம் என்பதுதான் ஏற்பாடு. புதிதாக வரும் பிள்ளைகளுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுப்பவரே அம்பலவாணர்தான்.

இலை போட்டார்கள். சோறு விழுந்தது. சாம்பார் வாளியோடு அம்மாளே வந்து அவர் எதிரில் நின்றார். நேராக முகத்தைப் பார்த்தார்.

"இவ்வளவு சோறா, ஐயா?"

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அம்பலவாணர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

"தொப்பை வேற விழுந்திருக்கே. அந்த அப்பளம் அவசியம்தானா?"

கடைசி வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். அம்பலவாணர் கை இலைக்குப் போகும்போதெல்லாம் அம்மாளின் கண்ணும் கூடவே போனது. கூட்டைத் தொட்டபோது "இன்னுமா?" என்றார். ரசத்துக்குக் கை நீட்டியபோது "போதும், வைங்க" என்றார்.

அம்பலவாணருக்குக் காது மடல் சுட்டது. இத்தனை வருஷம் உழைத்த இடத்தில் இப்படி ஒரு அவமானமா என்று நெஞ்சு எரிந்தது. பாதிச் சோற்றோடு இலையை மடித்தார்.

"ஏன்?"

"பசியில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பந்தி முடிந்து, இடத்தைக் கூட்டிக் கழுவியும் ஆயிற்று. அம்பலவாணரைக் காணோம். செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது. அம்மாள் ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

விறகு அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில், சுவரைப் பார்த்தபடி அவர் நின்றிருந்தார். சமையல்கட்டிலிருந்து எடுத்து வந்த சோறும் அப்பளமும் துண்டில் இருந்தன. உப்பா புளிப்பா என்றுகூடப் பார்க்காமல் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

காலடிச் சத்தம் கேட்டதும் துண்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அம்மாள் இப்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரை விறகின் மேல் வைத்தார்.

"பசிக்குதா, ஐயா?"

அவர் வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினார்.

"இல்லம்மா. பசியில்ல."

சொன்ன மாத்திரத்தில் அவர் முகம் வெளிறிவிட்டது. சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தார். துண்டிலிருந்த சோறு மண்ணில் சரிந்தது. அதை அள்ளக்கூட அவருக்குக் கை வரவில்லை.

"நான் என் புள்ளைய என்னம்மா பண்ணி வச்சிருக்கேன்?"

அம்மாள் குனிந்து, சிந்திய சோற்றைத் திரட்டி ஓரமாகக் காக்கைக்கு வைத்தார்.

"அந்த மாடிப்படிக்குக் கீழ இன்னொருத்தர் உட்கார எடம் இருக்கா?"

"இருக்கு. ஆனா நான் வந்தா அவ எழுந்து ஓடிடுவா. என் கண்ணைப் பார்த்தாலே நடுங்குறாம்மா. இனிமே என்கூட அவ உட்காரவே மாட்டா."

"வெறுங்கையோட போகாதீங்க. உங்களுக்கும் ஒரு இலையில சோறு எடுத்துக்கிட்டுப் போங்க."

"போய் என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். கண்ணு உங்க இலையில இருக்கட்டும்."