சுரைக்குடுக்கையில் வளர்ந்த வேர்

கோடை நீண்டு கிடக்கும் ஒரு காட்டில், செடி என்றும் சொல்ல முடியாத, பிராணி என்றும் சொல்ல முடியாத ஓர் உயிர் இருந்தது, குழந்தைகளே. அதற்குத் தழையன் என்று பெயர்.

ஓணானுக்கு இருப்பதுபோல் நான்கு கால்கள். முதுகில் வெங்காயம்போல ஒரு கிழங்கு. கிழங்கின் உச்சியில் ஐந்து இலைகள். வயிற்றுக்கு அடியில் முடிபோல மெல்லிய வேர்கள். நடக்கும்போது வேர்களை வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். தாகம் எடுத்தால் நின்ற இடத்தில் வேரை இறக்கிக் குடிக்கும்.

தழையன்கள் கடைசிவரை நடந்துகொண்டே இருப்பதில்லை. கிழங்கு முற்றியதும் வருகிற மழையில் நல்ல மண்ணாகப் பார்த்து நிற்கும். வேரை ஆழமாக விடும். புதராகும், பூக்கும். அந்த மழையைத் தவறவிட்ட தழையன் அடுத்த மழையைப் பார்ப்பதில்லை.

புதரான பிறகு அவை பேசுவதும் இல்லை. ஆனால் மண்ணுக்குள் வேரும் வேரும் தொட்டுக்கொள்ளும். அதுதான் அவற்றின் பேச்சு.

நம் தழையனின் தாய் ஆற்றங்கரையில், ஒரு மருத மரத்தை ஒட்டிப் புதராக நின்றது. பக்கத்தில் இன்னொரு தழையன் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

"இந்த மழைக்கு நான் அங்கேதான் நிற்பேன். அம்மாவின் வேரைத் தொடுவேன்" என்று எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் தழையன் சொல்லும். வேறு ஆசை அதற்கு இல்லை. சாதுவான பிராணி. யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடும்.

அதே காட்டில் ஒரு கடுவன் குரங்கு இருந்தது. எதைக் கண்டாலும் அதில் ஒன்று அதற்கு வேண்டும். தின்பதற்கு அல்ல, வைத்துக்கொள்வதற்கு.

காய்ந்த சுரைக்குடுக்கைகளின் தலையை வட்டமாக வெட்டி மூடியாக்கி, நாரால் கட்டி, ஆலமரக் கிளையில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தது. ஒன்றில் தவளை, ஒன்றில் நத்தை, ஒன்றில் பொன்வண்டு, ஒன்றில் ஓணான். ஒன்றைப்போல் இன்னொன்று கிடையாது. சில நாள் இரண்டை இறக்கி மோதவிட்டு, மற்றக் குரங்குகளைக் கூட்டி வேடிக்கை காட்டும்.

காலையில் எழுந்ததும் கடுவன் எண்ணும். "எட்டு நிறைந்திருக்கிறது. ஒன்று காலி" என்று முனகும். அந்த ஒன்றை நினைத்தால் அதற்குப் பழம்கூட இறங்காது.

அப்படி ஒரு காலையில்தான் தழையன் ஆலமரத்தடி வழியாகப் போனது. கடுவனின் கண்கள் விரிந்தன. சரசரவென்று இறங்கி வந்து வழியில் உட்கார்ந்தது.

"எங்கே பயணம், தங்கமே?"

"ஆற்றங்கரைக்கு, மாமா. மழைக்கு முன்னால் போய் இடம் பிடிக்க வேண்டும்."

"ஐயையோ! இப்போதேவா? ஆற்றில் ஒரு குட்டைத் தண்ணீர்தான் மிச்சம். காட்டு மான்கள் மொத்தமும் அங்கேதான் நிற்கின்றன. இளசாக ஐந்து இலையோடு நீ போய் நின்றால் என்ன நடக்கும், சொல் பார்க்கலாம்?"

தழையன் யோசித்தது. "மேய்ந்துவிடுமா, மாமா?"

"மென்று விழுங்கிவிட்டு, உப்புப் போதவில்லை என்று வேறு சொல்லும்."

தழையன் இலைகளைக் கிழங்கோடு ஒட்டிக்கொண்டது. "அப்படியானால் நான் என்ன செய்வது?"

"மாமா எதற்கு இருக்கிறேன்? மழை வரும்வரை என் குடுக்கையில் இரு. மண் போடுகிறேன். நாள் தவறாமல் தண்ணீர் விடுகிறேன். மழை வந்ததும் என் கையாலேயே உன்னைக் கரையில் கொண்டுபோய் வைக்கிறேன்."

"சத்தியமாகவா?"

"என் வால்மேல் சத்தியம்."

கடுவன் காலிக் குடுக்கையைத் தரையில் இறக்கி வைத்தது. தழையன் தானாகவே நடந்து அதற்குள் இறங்கியது. கடுவன் இரண்டு கைப்பிடி மண்ணை அள்ளிப் போட்டு, மூடியைக் கட்டி, மறுபடி கிளையில் தொங்கவிட்டது. உள்ளே இருட்டு. மூச்சுக்காக விட்ட ஓட்டை வழியே மட்டும் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

பக்கத்துக் குடுக்கையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "யாரது புதுசு?"

"தழையன், அண்ணே. மழை வரும்வரை இங்கே இருப்பேன்."

தவளை கர்ரென்று சிரித்தது. "கேட்டாயா நத்தையே? கீரைக்கட்டு விருந்துக்கு வந்திருக்கிறதாம்!"

கோடை நகர்ந்தது. கடுவன் நாள் தவறாமல் தண்ணீர் விட்டது. அதில் குறை சொல்ல முடியாது. தழையனின் வேர் வளர்ந்தது. ஒரு நாள் அது குடுக்கையின் சுவரில் முட்டியது. தழையன் இன்னும் கொஞ்சம் தள்ளியது. காய்ந்த சுவர் 'கிறீச்' என்றது.

கடுவன் ஓடி வந்தது. "என்ன சத்தம் அங்கே?"

"வேர் நீளுகிறது, மாமா. சுவர் இடிக்கிறது."

"தள்ளாதே! குடுக்கை உடைந்தால் இந்த உயரத்திலிருந்து விழுந்து கிழங்கு நசுங்கிப் போகும். வேரைக் கொஞ்சம் வளைத்துக்கொள்."

"வளைத்தால் வலிக்கிறது."

"முதலில் அப்படித்தான் இருக்கும், தங்கமே. பிறகு பழகிவிடும். உன்னைப்போலப் பொறுமைசாலியை இந்தக் காட்டில் நான் பார்த்ததே இல்லை."

தழையனுக்கு அந்தச் சொல் இனித்தது. வேரை வளைத்துக்கொண்டது. வலித்தது. பிறகு கடுவன் சொன்னபடியே பழகிவிட்டது.

வானத்தில் மேகம் கூடத் தொடங்கியபோது, ஒரு மரங்கொத்தி ஆலமரத்துக்கு வந்தது. கடுவன் அப்போது ஓடைப் பக்கம் போயிருந்தது. தவளைக்கு மூளை வேலை செய்தது.

"மரங்கொத்தி அக்கா! ஆலமரத்தில் என்ன கிடைக்கப்போகிறது? இந்தக் குடுக்கையைக் கொத்து. உள்ளே கொழுகொழுவென்று ஒரு புழு இருக்கிறது."

மரங்கொத்தி டொக் டொக்கென்று கொத்தியது. குடுக்கை விரிசல் விட்டுப் பிளந்தது. தவளை வெளியே குதித்துக் கிளையில் உட்கார்ந்துகொண்டது.

"புழு எங்கேடா?" என்றது மரங்கொத்தி.

"பசி தாங்கவில்லை அக்கா, நானே தின்றுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பக்கத்துக் குடுக்கையிலும் இரண்டு கொத்துக் கொத்து. உள்ளே ஒரு பைத்தியம் இருக்கிறது."

மரங்கொத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தழையன் இருந்த குடுக்கையில் போய்த் தொற்றி, அலகை ஓங்கியது.

"வேண்டாம் அக்கா!" என்று உள்ளிருந்து கத்தியது தழையன். "மாமா சத்தியம் செய்திருக்கிறார்."

"எதன்மேல்?" என்றது தவளை.

"வால்மேல்."

"வால் அதனுடையது. வேர் உன்னுடையது. வெளியே வாடா!"

"மேகம் கூடிவிட்டது என்று நீயேதான் நேற்றுச் சொன்னாய், அண்ணே. இத்தனை நாள் பொறுத்துவிட்டேன். இப்போது உடைத்தால் பொறுத்ததெல்லாம் வீணாகிவிடும்."

"சரி, வேர் எப்படி இருக்கிறது?"

"இப்போது வலியே இல்லை. சுருண்டு சுகமாக இருக்கிறது."

தவளை தாவிப் போய் ஓட்டை வழியே உள்ளே எட்டிப் பார்த்தது.

தூரத்தில் கிளை ஆடியது. கடுவன் வருகிறது என்று தெரிந்து மரங்கொத்தி பறந்தது. தவளை கீழே சருகுக் குவியலில் விழுந்து, தத்தித் தத்தி ஆற்றை நோக்கிப் போனது.

கடுவன் உடைந்த குடுக்கையைக் கண்டு கிளையை உலுக்கிக் கத்தியது. எங்கோ தேடி வேறொரு குடுக்கையைக் கொண்டுவந்து, அதில் ஒரு நண்டைப் போட்டது. பிறகுதான் சாப்பிட்டது.

சில நாளில் மழை விழுந்தது.

அன்றைக்குக் கடுவன் குரங்குக் கூட்டத்துக்குத் தன் குடுக்கைகளைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தது. இருட்டில் கிடந்து தழையனின் இலைகள் வெளுத்துப் போயிருந்தன. ஐந்தில் மூன்றுதான் மிச்சம்.

"இது என்ன? வாடின கீரையையா பூட்டி வைத்திருக்கிறாய்?" என்று ஒரு குரங்கு கேட்டது. எல்லாம் சிரித்தன.

கடுவனுக்கு முகம் சுண்டிவிட்டது. போதாக்குறைக்கு அன்று காலைதான் அது மரப்பொந்தில் ஒரு வெள்ளை அணில் குட்டியைப் பார்த்து வைத்திருந்தது. அதைப் போட்டு அடைக்க மழைக்காலத்தில் காய்ந்த குடுக்கை எங்கே கிடைக்கும்?

"கிளம்பு, தங்கமே! மழை வந்துவிட்டது. சொன்ன சொல் தவறாத குரங்கு நான்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லி, குடுக்கையோடு தழையனைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனது.

மருத மரத்தடியில் ஒரு குழி பறித்தது. குடுக்கையைக் கவிழ்த்துத் தட்டியது. தழையன் வெளியே விழுந்தது. மண் உதிரவில்லை. வேர்கள் மண்ணையும் நான்கு கால்களையும் சேர்த்துச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னி, குடுக்கையைப் போலவே உருண்டையாகி இருந்தன.

"நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், மாமா" என்றது தழையன். அதற்கு அழுகையே வந்துவிட்டது.

கடுவன் காலிக் குடுக்கையை உதறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மண் ஈரமாக இருந்தது. நான்கு விரல் தள்ளி அம்மா புதராக நின்றது. தழையன் கண்ணை மூடி வேரை விட்டது.

மழையைக் கேட்டுக் கரைக்கு வந்த தவளை அதைப் பார்த்துவிட்டது. "அட கீரைக்கட்டே! வந்துவிட்டாயா! உன் மாமனும் நல்லவன்தான் போலிருக்கிறது. சரி சரி, சீக்கிரம் வேரை இறக்கு. மலையில் இடிக்கிறது. வெள்ளம் வரும்."

"இறக்கிக்கொண்டுதான் இருக்கிறேன், அண்ணே."

தவளை கிட்டப் போய்ப் பார்த்தது. வேரின் நுனி நகர்ந்தது உண்மை. ஆனால் மண்ணுக்குள் போகவில்லை. உருண்டையை ஒட்டியே சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்தது.

"என்னடா செய்கிறாய்? சுற்றாதே. கீழே விடு."

தழையன் மூச்சைப் பிடித்தது. நுனி மறுபடி ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"கீழே என்றால் எந்தப் பக்கம், அண்ணே?"

தவளை குழிக்குள் குதித்து, முன்கால்களால் ஒரு வேரைப் பிடித்து நீட்டி, மண்ணில் குத்தி வைத்தது. கையை எடுத்ததும் வேர் சுருண்டு பழைய இடத்துக்குப் போனது. இன்னொன்றை இழுத்தது. அதுவும் போனது.

"இன்னொரு தரம் பார், அண்ணே" என்றது தழையன்.

தவளை இன்னொரு தரம் பார்த்தது. பொழுது சாயும்வரை பார்த்தது. பலமாக இழுத்தபோது ஒரு வேர் அறுந்து கையோடு வந்துவிட்டது. அதற்கப்புறம் அது இழுக்கவில்லை.

திடீரென்று தழையன் அசையாமல் நின்றது. "அண்ணே! அம்மா வருகிறாள்!"

"எங்கே?"

"மண்ணுக்குள். மெதுவாக வருகிறாள். எனக்குத் தெரிகிறது."

"அப்படியானால் அதுதான் கீழே! அந்தப் பக்கம் போ! அம்மா இருக்கிற பக்கம்!"

தழையன் தன்னிடம் இருந்த பலம் எல்லாவற்றையும் நுனிக்குக் கொண்டுவந்தது. நுனி எழும்பியது. மண்ணைத் தொட்டது. ஒரு நொடி அங்கேயே தயங்கியது.

பிறகு வளைந்து, சுற்றிக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது.

அப்போது வெள்ளம் வந்தது.

வேர் பிடித்தவை எல்லாம் நின்றன. கோரைப்புல்கூட நின்றது. அம்மா குனிந்து, நனைந்து, நின்றது. தழையனை மட்டும் தண்ணீர் ஒரு கூழாங்கல்லைப்போல் குழியிலிருந்து எடுத்துக்கொண்டது.

தவளை பின்னாலேயே நீந்தியது. "கரையைப் பிடி! எதையாவது பிடித்துக்கொள்!"

"எதால் பிடிப்பது, அண்ணே?"

ஒரு சுழலில் தழையன் சுற்றிச் சுற்றி வந்தது. "மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார், அண்ணே. நான்தான்..." என்றது. மிச்சம் தண்ணீருக்குள் போய்விட்டது. இலைகள் ஒரு முறை தெரிந்தன. அப்புறம் தெரியவில்லை.

வெள்ளம் வடிந்து வெயில் வந்ததும் தவளை மருத மரத்தடிக்குத் திரும்பியது. குழியில் மணல் மூடியிருந்தது.

அதன் நடுவே ஒரு வெள்ளை வேர் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வந்திருந்தது. தாயின் வேர். வேர்கள் வெளிச்சத்துக்கு வருவதில்லை, குழந்தைகளே. இது வந்திருந்தது. பிள்ளை இருந்த இடத்தைத் தடவித் தேடி, ஒன்றும் கிடைக்காமல், வெயிலில் நுனி கருகிக் கிடந்தது.

தவளை வாய் நிறைய ஈர மண்ணை அள்ளி வந்து அதன்மேல் போட்டது. மறுபடி போய் அள்ளி வந்தது. வேறு என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை.

தொலைவில் ஆலமரத்திலிருந்து கடுவன் எண்ணுவது கேட்டது.

"ஒன்பதும் நிறைந்திருக்கிறது."

நீதி: வேர் வளைவதற்கு முன்பே சிறையை உடைத்துவிட வேண்டும், வளைந்த பிறகு கதவு திறந்தும் பயனில்லை.