சான்றிதழ் வாங்கிய எட்டுப் பேர்

கோவையில் ஒரு மென்பொருள் கம்பெனி. அது எழுதிக் கொடுத்த புரோகிராம் மருந்தளவைப் பத்து மடங்காகக் காட்டியதில், ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை செத்துப்போனது. விசாரிக்க அந்த ஆஸ்பத்திரியின் டாக்டர் ஷமீமே நேரில் வந்துவிட்டார்.

மேனேஜர் கஜபதி, சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த சான்றிதழ்களைக் காட்டினார். "என்னையும் சேர்த்து எட்டுப் பேர் கம்ப்யூட்டர் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணவங்க, டாக்டர். புரோகிராம் எழுதுறவங்கள்ல சான்றிதழ் இல்லாதவ இந்தத் தில்லைக்கரசி ஒருத்திதான். இது இவ பண்ண வேலை."

கொலைப்பழி தன் தலையில் விழப்போகிறது என்று தெரிந்தும் தில்லைக்கரசி அசரவில்லை.

"சார், அந்தப் பரீட்சையில நாப்பத்தேழாவது கேள்வியை மட்டும் கேக்கட்டுமா?"

"நூறு கேள்வி கேளு," என்றார் கஜபதி மிதப்பாக.

"சர்வர் திடீர்னு நின்னுபோனா முதல்ல என்ன செய்யணும்?"

"சி!" என்றார்கள் எட்டுப் பேரும் ஒரே குரலில்.

"ஏ, பி, சி, டின்னு விடை எதையுமே நான் இன்னும் வாசிக்கலையே, சார்? அந்த விடைப் பட்டியல் எனக்கும்தான் வாட்ஸ்அப்ல வந்துச்சு. நான்தான் பரீட்சைக்குப் போகலை."

டாக்டர் எழுந்தார்.

"அந்தக் குழந்தைக்கு எத்தனை மில்லின்னும் இப்படித்தான் எழுதுனீங்களா?"