அசையாமல் எடுத்த பவளப் படம்

கெண்டையூர்க்காரர்களுக்குப் புத்தி கிடையாது என்று சொல்பவர்கள் உண்டு. அது அபாண்டம். புத்தி நிறையவே இருக்கிறது. சொன்னதைச் சொன்னபடி செய்வதிலேயே அத்தனையும் செலவாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

அந்த ஊரில் அரிசிக்கடை வைத்திருந்த நல்லபெருமாளுக்கு ஒரே ஒரு மனக்குறை. அலங்கார மீன் வளர்ப்போர் சங்கம் வருஷா வருஷம் காலண்டர் போடும். மூன்று வருஷமாக அதில் ஜூலை மாதத்துத் தாளில் அவருடைய சகலை வன்னியராஜின் தங்கமீன்தான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. “அக்கா வீட்டு மீன் நம்ம வீட்டுச் சுவத்துல தொங்கணுமா?” என்று மனைவி முத்துச்செல்வி ஒரு நாள் கேட்டாள். அன்றைக்குக் கழற்றியதுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் காலண்டரே கிடையாது.

இந்த வருஷம் விடுவதில்லை என்று நல்லபெருமாள் முடிவு செய்துவிட்டார். அவர் வீட்டு முன்னறையில் ஒரு உப்புத்தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதில் ஒரு பச்சைப் பவளம், சட்டைப் பொத்தான் அளவுக்குப் பூப்பூவாக விரியும். ஒவ்வொரு பூவுக்கும் நடுவில் கடுகளவு வாய். அந்த வாய் தெரிகிற மாதிரி கிட்டத்தில் ஒரு படம் எடுத்துவிட்டால் தங்கமீனின் கதை முடிந்தது.

ஸ்டூடியோ வைத்திருந்த சாலமோன் மாஸ்டரிடம் கேமராவும் ஸ்டாண்டும் இரவல் வாங்கி, ஒரு மணி நேரம் பாடமும் கேட்டுக்கொண்டார். மாஸ்டர் எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்தார். உதவிக்கு வந்தவர்கள் இரண்டு பேர்: சைக்கிள் கடை சுடலைமணியும், எதையும் ஆழ்ந்து யோசிக்கிறவர் என்று பெயரெடுத்த தங்கப்பழமும்.

“ஐஎஸ்ஓ நூறு. ஷட்டர் ரெண்டு செகண்ட்” என்று நல்லபெருமாள் சீட்டைப் படித்தார். “ஷட்டர் திறந்திருக்கும்போது எதுவும் அசையக் கூடாதுன்னு போட்டிருக்காரு.”

“எதுவுமேவா?” என்றார் சுடலைமணி.

“அடியில கோடு போட்டு எழுதியிருக்காருவே.”

முதலில் தொட்டியின் பம்பை நிறுத்தினார்கள். தண்ணீர் அடங்கியது. மாஸ்டர் நினைத்தது அவ்வளவுதான். ஆனால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, அதையும் நிறுத்தினார்கள். ஜன்னல் திரை ஆடியது, சுருட்டிக் கட்டினார்கள். தொட்டிக்குள் ஒரு கோமாளி மீன் மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு திரிந்தது.

“அதுக்கிட்டே எடுத்துச் சொல்லிப் பாப்போமா?” என்றார் சுடலைமணி.

தங்கப்பழம் யோசித்தார். “சொன்னா, சரின்னு தலையை ஆட்டும். அதுவும் அசைவுதானே?”

நியாயமாகப் பட்டது. மீனைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு வாளிக்கு மாற்றி அடுப்படியில் வைத்தார்கள்.

நல்லபெருமாள் கேமராவில் கை வைக்கப் போனார். டிக், டிக் என்று சத்தம் கேட்டது. தொட்டிக்கு மேலே சுவர்க்கடிகாரத்தின் பெண்டுலம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. சுடலைமணி நாற்காலியில் ஏறி அதைப் பிடித்து நிறுத்தினார். அப்போது மணி பதினொன்று ஐம்பது.

நல்லபெருமாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள். ரெண்டு செகண்ட் ஆகிவிட்டதா என்று பார்க்க, மூன்று ஜோடிக் கண்களும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஆகவில்லை.

நல்லபெருமாளின் நெற்றியில் வேர்த்தது. வேர்வை இறங்கி மூக்கு நுனியில் நின்றது. கடிகாரத்துக்குக் கீழே தொட்டியில் இருந்த பவளம் தன்னைவிட எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று அவருக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. இவ்வளவு நீளமான ரெண்டு செகண்டை அவர் வாழ்நாளில் கண்டதில்லை.

முத்துச்செல்வி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஏங்க, என்னத்துக்கு இப்படி நிக்கிய? சோறு ஆறி அரை மணி நேரம் ஆச்சு.”

“அரை மணி நேரமா?” நல்லபெருமாள் விட்ட மூச்சில் துண்டுச் சீட்டு பறந்தது. “ரெண்டு செகண்டே இன்னும் ஆகலையே!”

பிறகுதான் தங்கப்பழம் ஒரு வழி கண்டுபிடித்தார். முத்துச்செல்வி நிலைப்படியில் நின்று “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ண வேண்டியது. அவளும் அக்கா வீட்டுத் தங்கமீனை மனதில் நினைத்துக்கொண்டு தொண்டை கம்மும்வரை நாற்பது தடவை எண்ணினாள். ஏனென்றால் சீட்டில் கடைசியாக இப்படி இருந்தது: ‘கிட்டத்தில் எடுத்தால் ஒரு நூலளவு இடம்தான் தெளிவாக விழும். கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்த்தி நாற்பது படம் எடுக்கவும். நாற்பதையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் முழுப் பவளமும் தெளிவாகத் தெரியும்.’

அடுக்குவது கம்ப்யூட்டரில் என்று மாஸ்டர் எழுதவில்லை. இதைக்கூடவா எழுதுவார்கள் என்று நினைத்திருப்பார், பாவம்.

வேலை முடிந்ததும் மீன் தொட்டிக்குத் திரும்பியது, பம்பு ஓடியது, ஃபேன் சுற்றியது. நாற்பது படத்தையும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து வந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் விளிம்பில் பசை தடவி, கீழே ஒரு அட்டையும் வைத்து ஒட்டினார்கள்.

சுடலைமணி தலையைச் சாய்த்துப் பார்த்தார். “மேல இருக்குறது மட்டுந்தானே தெரியுது?”

“மத்த முப்பத்தொன்பதும் கீழ இருந்து தாங்குதுல்லா” என்றார் தங்கப்பழம். “ஒத்தைப் படத்துக்கு இந்தக் கனம் வருமாவே?”

நல்லபெருமாள் கையில் வாங்கிப் பார்த்தார். கனமாகத்தான் இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சங்கத் தலைவர் கோயில்பிச்சை அந்தக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு தாளைத் தூக்கினார், அடியில் அதே பவளம். இன்னொன்றைத் தூக்கினார், அப்போதும் அதே பவளம். அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. “யோவ், இது போட்டோவே இல்ல. முழுக் காலண்டரு! கொண்டு போயி வீட்டுல மாட்டி, தினம் ஒண்ணாக் கிழியும்!”

நல்லபெருமாள் வீட்டுக்கு ஓடியே வந்தார். “முத்து! காலண்டர்ல ஒரு தாள் கேட்டோம். காலண்டரையே குடுத்துட்டாங்க! உங்க அக்கா வீட்டுக்கு ஜூலை மட்டுந்தான். நமக்கு வருஷம் பூராவும் பவளம்!” மூன்று வருஷம் காலியாகக் கிடந்த ஆணியில் அதை மாட்டினார்கள். முத்துச்செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தினம் ஒன்றாகக் கிழித்தார்கள். நாற்பதாவது தாளையும் கிழித்தபோது அட்டைதான் மிஞ்சியது. நண்பர்கள் கூடி யோசித்தார்கள்.

“தாள் தீர்ந்தா வருஷம் தீர்ந்துச்சுன்னுதானே அர்த்தம்?” என்றார் நல்லபெருமாள்.

“செப்டம்பர்லயா?” என்றார் சுடலைமணி.

“அது அவங்க காலண்டர்ல. நம்ம காலண்டர்ல இன்னைக்கு வருஷக் கடைசி” என்று தங்கப்பழம் தீர்த்துவைத்தார்.

அப்புறம் என்ன? கேக் வந்தது, மிக்சர் வந்தது. சகலை வன்னியராஜைக் குடும்பத்தோடு கூப்பிட்டார்கள். அவரும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டார். “பன்னெண்டு அடிச்சதும் கேக் வெட்டிருவோம்” என்று நல்லபெருமாள் கத்தியும் கையுமாகச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று ஐம்பது.

உட்கார்ந்திருந்தார்கள். மிக்சர் தீர்ந்தது. ஜன்னல் வழியாக வந்த வெயில் அறையைக் கடந்து எதிர்ச்சுவரில் ஏறியது. கேக்கின் ஒரு மூலையில் எறும்புகள் புத்தாண்டைத் தொடங்கிவிட்டன. வன்னியராஜ் கடிகாரத்தைப் பார்த்தார், பவளத்தைப் பார்த்தார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டு, நல்லபெருமாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கொடுத்துவச்ச ஆளு சகலை நீரு. எங்க வீட்டுல பத்து நிமிஷம்னா பத்தே நிமிஷத்துல தீர்ந்துபோவுது!”